கூச்சநீக்கியைக் கழற்றிய நேரம்

மேசையின் தலைப்பக்கம் வடிவமைப்புத் தலைவி திலகவதி. அவளுக்கு வலப்பக்கம் ராட்டினப் பொறியாளர் அல்போன்ஸ், கையில் கடித்த கடலைமிட்டாயுடன். எதிரே, வாசலுக்கு முதுகு காட்டி, வரைவாளன் பிரசன்னா. மூவர் தலைக்கும் மேலே, கூரையில், பச்சை விளக்கு எரிய, கூச்சநீக்கி.

வெட்கம் பிறக்கும் மூளை முடிச்சை அலைகளால் தூங்கவைக்கும் கருவி அது. பெரியவர்களும் தயங்காமல் ராட்டினம் ஏறட்டும் என்று கேளிக்கைப் பூங்காக்களுக்காகத்தான் முதலில் செய்தார்கள். பிறகு வங்கி, பள்ளி, கல்யாண மண்டபம் என்று எல்லாக் கூரைகளிலும் அது ஒட்டிக்கொண்டது. யாரும் எதற்கும் கூசவில்லை. ஆனால் பூங்காக்கள் காலியாகிக்கொண்டே வந்தன. கூட்டம் அலைமோதியது காங்கேயம் பக்கம் சென்னியப்பன் நடத்தும் ஊஞ்சல்புரத்தில் மட்டும்தான். அங்கே கூச்சநீக்கியே கிடையாது.

அந்த வடிவமைப்பை ஆராய்ந்து வராவிட்டால் இவர்களுடைய பூங்காவுக்குப் பூட்டுதான். போட்டிக்காரர்களைச் சென்னியப்பன் உள்ளே விடமாட்டார். அதற்கு அல்போன்ஸ் ஒரு வழி சொல்லியிருந்தார். சென்னியப்பனின் மகள் மைனாவதியைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லிப் போவது. கல்யாணமாகாத பிரசன்னாவை வங்கி அதிகாரி ஆக்கி, ஜாதகமும் அனுப்பியாயிற்று. இன்று சென்னியப்பனிடமிருந்து பதில் வந்திருந்தது. திலகவதி உரக்கப் படித்தாள்.

"ஜாதகம் நல்லாப் பொருந்துதுங்க. வியாழக்கிழமை பார்க்கை மூடிப்போட்டு உங்களுக்குன்னே ஓட்டிக் காட்டறோம். போன ரெண்டு எடமும் தட்டிப்போனதுல புள்ள யார் முன்னாலயும் வந்து நிக்கறதில்லீங்க. இந்தவாட்டி அவளே சேலை எடுக்கப் போயிருக்கறா."

"பிரமாதம்! காலியா இருந்தா அளவெல்லாம் எடுத்துடலாம்" என்றார் அல்போன்ஸ். "மாப்ளே, பொண்ணோட தனியாப் பேசணும்னு இழுத்துக்கிட்டே இரு."

"இழுக்கறேன் சார். அப்புறம் பொண்ணு கலர் பத்தலைன்னு சொல்லிடலாமா?"

"தாராளமா" என்று சிரித்த திலகவதி, ஆராய்ச்சிப் பயணத் திட்டத்தில் அதையும் எழுதிக்கொண்டாள்.

கதவு தட்டப்பட்டது. ஏணியுடன் பராமரிப்புக்காரர். "கழட்டித் தொடச்சு மாட்டிப்போட்டுப் போயர்றனுங்க."

பச்சை விளக்கு அணைந்தது.

அல்போன்ஸ் கடலைமிட்டாயை மெல்ல மேசையில் வைத்தார். பிரசன்னாவின் காது மடல்கள் சிவந்தன. திலகவதி கடிதத்தைத் திரும்பவும் எடுத்தாள். அதே எழுத்துகள்தான். 'அவளே சேலை எடுக்கப் போயிருக்கறா' என்ற வரியைத் தாண்ட முடியவில்லை. முகம் தீயாய் எரிந்தது. மற்ற இருவரையும் பார்க்கக் கூசித் தலையைக் குனிந்தால், திட்டத்தில் அவளுடைய கையெழுத்து: 'கலர் பத்தலை.'

"மேடம், நான் அப்படிச் சொல்லியிருக்கக்..." பிரசன்னா முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான்.

"எனக்கும் ஒரு பொண்ணு இருக்குப்பா" என்றார் அல்போன்ஸ், சுவரைப் பார்த்து.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உள்ளே அடக்கிவைக்கக் கூச்சம் என்று ஒன்று இருந்தால்தானே ராட்டினத்தில் அது அலறலாய் வெடிக்கும்? ஊஞ்சல்புரத்தின் ரகசியம் இதுதான். எங்கும் போகாமலே ஆராய்ச்சி முடிந்துவிட்டது. சந்தோஷப்படத்தான் முடியவில்லை. ஒரு தாளை இழுத்து, தாங்கள் யார், செய்தது என்ன என்று சென்னியப்பனுக்கு ஒளிக்காமல் எழுதினாள். கடைசியில் மைனாவதியிடம் தனியாக மன்னிப்புக் கேட்டாள்.

"மாட்டிரட்டுங்களா மேடம்? மொகமெல்லாம் செவந்து கெடக்குது. மாட்டுனாச் சரியாப் போயிருமுங்க."

"அதனாலதான் வேண்டாங்கறேன். கொஞ்சம் பொறுங்க."

உறையை நாக்கில் ஈரமாக்கி ஒட்டினாள். விரலால் இரண்டு தரம் அழுத்தித் தேய்த்து அவர் கையில் கொடுத்தாள். "கீழ தபால் பெட்டியில போட்டுடுங்க அண்ணா. நாங்களே வந்து கேட்டாலும் திருப்பிக் குடுத்துடாதீங்க."

அவர் அதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினார். கருவியை மாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

பச்சை விளக்கு எரிந்தது.

"ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்!" திலகவதி எழுந்து மாடிப்படியில் தடதடவென்று ஓடினாள். பின்னாலேயே மற்ற இருவரும். "அண்ணா! அந்தக் கவரைக் குடுங்க!" என்று கொஞ்சமும் கூசாமல் கத்தினாள்.

படிக்கட்டின் அடியில் நின்றவர் நிமிர்ந்து பார்த்தார். சட்டைப்பையிலிருந்து உறையை எடுத்துப் பெட்டிக்குள் போட்டார்.