நாற்பத்தொன்றாம் விருந்தாளி

செத்துப்போன இயந்திரத்தின் எண்ணிக்கையில் ஒன்று கூடியிருந்தது.

ரைகான் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். நாற்பத்தொன்றாம் இயந்திரத்தை அணைத்து இருபத்தாறு நாள் ஆகிறது. அணைத்தவளே அவள்தான். ஆனாலும் திரையில் அதன் வரிசையில் 6118 என்று நின்ற எண், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 6119 ஆனது. கூடவே அந்த நாற்றமும் வந்தது. வெந்து ஆறி, பாத்திர விளிம்பில் வெள்ளையாக உறைந்துபோன ஆட்டுக் கொழுப்பின் நாற்றம். மூக்கில் ஏறி, நாக்கின் அடியில் போய்ப் படிந்து, எச்சிலை விழுங்கினாலும் போகாமல் ஒட்டிக்கொள்ளும் நாற்றம். சீ என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு கம்பளிச் சால்வையை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஐந்து மாதக் கர்ப்பம் அவளுக்கு. இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இரண்டும் வயிற்றுக்குள் ஒருமுறைகூட அசையாமலே போய்விட்டன. இது தங்கும் என்றாள் டாக்டரம்மா, இந்த வாரமே அசைவு தெரியும், கவனித்துக்கொண்டே இரு என்றாள். ரைகான் வேறெதைக் கவனித்தாள்? சாப்பிடும்போது, பல் விளக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, எப்போதும் ஒரு காது வயிற்றுக்குள்தான் இருந்தது.

கசகஸ்தானில், கரகண்டா நகரத்தின் ஓரத்தில் இருக்கும் அந்தக் கட்டடம் முன்பு இறைச்சித் தொழிற்சாலை. குளிர் வெளியே போகக் கூடாதென்று கோட்டைச் சுவர் போலக் கட்டிய அறைகள். அந்தச் சுவர்களுக்காகவே ஒரு கம்பெனி அதை மலிவாக வாங்கி, குதிரையும் மாடும் தொங்கிய இடத்தில் சர்வர்களை அடுக்கிவிட்டது. ஜன்னல் கிடையாது, மதியம் இரண்டு மணி என்று கடிகாரம் சொன்னால்தான் உண்டு. மூன்றாம் அறையின் கூரையில் பழைய தண்டவாளம் கொக்கிகளோடு இன்னும் இருக்கிறது. அறுத்தால் கூரை இறங்கிவிடும் என்று விட்டுவைத்து, அதிலேயே கேபிள்களைக் கட்டியிருந்தார்கள். அறையைச் சுற்றி வந்து எதிர்ச் சுவரின் ஓட்டைக்குள் அந்தத் தண்டவாளம் நுழைந்துவிடும். அந்தப் பக்கம் வெட்டுக்கூடம் இருந்ததாம். வெட்டியதை அங்கே மாட்டி அனுப்புவார்கள், இங்கே கழற்றிக்கொண்டு காலிக் கொக்கியை அனுப்புவார்கள். அந்தக் கூடத்தை இடித்துப் பத்து வருடம் ஆகிவிட்டது. ஓட்டையை மறைக்க மேலிருந்து ஓர் இரும்புத் தகடு தொங்குகிறது, அதற்குப் பின்னால் வெறும் பனிவெளி.

ரைகானின் மேசை அந்த அறையில்தான் இருந்தது. அவள் வேலையும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான். ஒரு பெரிய சர்வருக்குள், தானும் ஒரு கணினி என்று நம்பிக்கொண்டு நாற்பது ஐம்பது கணினிகள் ஓடும். அவற்றை விருந்தாளிகள் என்பார்கள். தாங்குகிற சர்வர் வீட்டுக்காரன். விருந்தாளிக்குக் கைகால் இல்லை. வன்வட்டிலிருந்து எடுப்பதோ இணையத்திலிருந்து வாங்குவதோ, எதுவானாலும் வீட்டுக்காரன்தான் செய்து தர வேண்டும். அதற்காக நினைவகத்தில் இருவருக்கும் பொதுவாக ஒரு துண்டை ஒதுக்கி, வளையமாக வைத்திருப்பார்கள். இருநூற்றைம்பத்தாறு கட்டங்கள். விருந்தாளி ஒரு காலிக் கட்டத்தை வைத்துவிட்டு ஒரு தட்டு தட்டும். வீட்டுக்காரன் அதை நிரப்பித் திருப்பி வைப்பான். கடைசிக் கட்டம் முடிந்தால் மறுபடி முதல் கட்டம். யார் முகத்தையும் யாரும் பார்ப்பதில்லை. வைத்தது எத்தனை, திரும்பியது எத்தனை என்ற இரண்டு எண்கள்தான் நடுவில். திரையில் ஏறியது அதில் முதலாவது.

விருந்தாளி போய்விட்டால் அதன் நினைவகத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குத் தர வேண்டும். ரைகான் அந்தத் துடைப்பை இலையுதிர்காலத்திலேயே நிறுத்திவிட்டாள். அது நேரத்தைத் தின்றது. நிறுத்தியதும் புதிய இயந்திரங்கள் சட்டென்று எழுந்தன, முதலாளி எல்லார் முன்னாலும் அவளைப் புகழ்ந்தார். ஒருவர் தின்ற தட்டைக் கழுவாமல் அடுத்தவர் முன்னால் வைப்பதுதான் அது. தன் வீட்டில் செய்வாளா? தெரிந்தே செய்தாள்.

"தங்கச்சி, உசிரோட இருக்கியா?"

ஜெனரேட்டர் மெக்கானிக் மார்குலான், தொப்பியிலிருந்த பனியைக் கதவில் தட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரு எனாமல் பாத்திரம்.

"பஸ் வராது. ரோட்டை மூடிட்டாங்க. புயல் நிக்கிற வரைக்கும் நீயும் நானும் இந்தக் கசாப்புக் கடையிலதான் குடித்தனம். இந்தா, உங்க மாமியார் பவுர்சாக் ரொட்டி பொரிச்சு அனுப்பின பாத்திரம்."

பாத்திரத்தின் அடியில் ஒரு கை குர்த், உப்புப் போட்டுக் காயவைத்த தயிர் உருண்டைகள்.

"எதுக்குண்ணே இதெல்லாம்?"

"வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் குடுத்தேன்னு தெரிஞ்சா என் பொண்டாட்டி என்னைத் தொழுவத்துலதான் படுக்க வைப்பா."

"அண்ணே, இங்க கொழுப்பு நாத்தம் அடிக்கலை?"

மார்குலான் மூக்கை உயர்த்தி நாலாப்பக்கமும் முகர்ந்தார். "அடிக்குது, என் மேலதான். காலையில குதிரை சாஸேஜ் ஒரு முழம் தின்னேன். ஏம்மா, இது மாசமா இருக்கறவ மூக்கு. என் பொண்டாட்டிக்கு சோப்பு நாறுச்சு, தண்ணி நாறுச்சு, கடைசியில நானே நாறினேன். அசைவு தெரிஞ்சுதா?"

"இன்னும் இல்லண்ணே."

"சோம்பேறி. அப்பனைக் கொண்டிருக்கு. வரும் வரும்."

அவள் திரையைக் காட்டினாள். 6131. அணைத்துப்போட்ட விருந்தாளி காலிக் கட்டங்களை நீட்டிக்கொண்டே இருக்கிறான், நிறுத்த அங்கே ஓடுகிற எதுவுமே இல்லை என்று சொன்னாள்.

"அப்ப பெரிய சர்வரையே அணைச்சுப் போடேன்."

"அதுலதான் நகரத்து ஆம்புலன்ஸ் போனு ஓடுது. இந்தப் புயல்ல எப்படிண்ணே அணைக்க முடியும்?"

"அப்ப அவன் நீட்டுறதுல ஏதாச்சும் போட்டு அனுப்பு. பசிச்சு நிக்கிறானோ என்னவோ." சொல்லிச் சிரித்துக்கொண்டே, ஜெனரேட்டரின் புகைக்குழாயை மூடும் பனியை வாரக் கிளம்பிப் போனார்.

அவர் விளையாட்டுக்குச் சொன்னதில் ஒரு வழி இருந்தது. அது நீட்டியிருக்கும் கட்டத்தையெல்லாம் நிரப்பித் திருப்பிவிட்டால் நீட்ட அந்தப் பக்கத்தில் காலி மிஞ்சாது; தானாக அடங்கிவிடும். முதலில் உள்ளே என்ன கிடக்கிறதென்று சில கட்டங்களைத் திறந்து பார்த்தாள். பழைய வாடிக்கையாளர்களின் மிச்சம். யாரோ ஒருத்தியின் கடிதத்தில் பாதி. ஒரு குழந்தையின் புகைப்படத்தில் காதும் கன்னமும் மட்டும். ஒரு மருத்துவச் சீட்டின் கடைசி வரி. ஒவ்வொன்றும் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருந்தது. அழிந்தது போல இல்லை. வாய் வைத்தது போல. சட்டென்று மூடினாள்.

வெறும் சுழியங்களால் நிரப்பி அனுப்பினாள். மறுநொடியே அத்தனையும் காலி என்று திரும்பி வந்தன. மறுபடி அனுப்பினாள், மறுபடி வந்தன. தட்டு, தட்டு, தட்டு என்று எண் ஏறியது. நாற்றம் இப்போது சூடாக இருந்தது. உலைமூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் ஆவி மாதிரி, சால்வையைத் தாண்டி, பல்லிடுக்கு வரை வந்தது. விசைப்பலகையில் விரல் வழுக்கியது. பார்த்தால் விரல்நுனிகளில் பிசுக்கு.

"சனியனே, இந்தா!"

கணினியில் முதலில் அகப்பட்ட கோப்பு ஒன்றை எடுத்து வளையத்தில் கொட்டினாள். அம்மாவுக்கு அனுப்புவதற்காக வெள்ளிக்கிழமை சேமித்த படம். பத்தொன்பது கட்டங்களில் அது நிரம்பியது. இன்னொன்றைத் தேடுவதற்குள் எண் நின்றுவிட்டது.

6402. அசையவில்லை.

நாற்றமும் போய்விட்டது. அவ்வளவு சட்டென்று போனதில் அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. ஒரு குர்த்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். உப்பும் புளிப்பும் நாக்கைக் கழுவின. அப்புறம்தான் என்ன படம் அது என்று நினைவுக்கு வந்தது. வயிற்று ஸ்கேன். உருண்டை மண்டை, வளைந்த முதுகு, மூடிய கைகள்.

பரவாயில்லை, நகல்தானே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

அப்போது வயிற்றுக்குள் ஒன்று தட்டியது.

தொப்புளுக்குக் கீழே, இடப்பக்கம். விரலால் உள்ளிருந்து சுண்டிவிட்டது மாதிரி. ரைகான் மூச்சை அடக்கிக்கொண்டாள். "என் தங்கமே," என்றாள், குரல் உடைந்து. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வருடம் காத்திருந்தாள் இதற்கு. கண்ணீர் தாடையில் இறங்கியது, துடைக்கத் தோன்றவில்லை.

மறுபடி தட்டியது. அவள் நிமிர்ந்தாள்.

6404.

இல்லை. தற்செயல். கையை வயிற்றிலும் கண்ணைத் திரையிலும் வைத்துக் காத்திருந்தாள். விசிறிகளின் இரைச்சல். தூரத்தில் மார்குலானின் மண்வாரி கரகரவென்று. ஒரு தட்டு.

6405.

படத்தை வளையத்திலிருந்து திருப்பி எடுத்துப் பார்த்தாள். முதல் மூன்று கட்டங்கள் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. சுழியம்கூட இல்லாத, நக்கித் துடைத்த சுத்தம். மண்டையின் மேல்வளைவு போயிருந்தது.

தட்டு. நான்காவது கட்டம்.

வேறு கோப்புகளைக் கொட்டினாள். பாட்டு, கடிதம், சம்பளச் சீட்டு, கையில் கிடைத்ததையெல்லாம். எதையும் அது தொடவில்லை. எல்லாவற்றையும் அப்படியே துப்பித் திருப்பியது. நாற்றம் திரும்பி வந்தது. தொண்டைக்குள் வந்தது. மேசைக்கடியில் வாந்தி எடுத்தாள். குர்த்தோடு சேர்ந்து வெள்ளையாக, திட்டுத் திட்டாக, உறைந்த கொழுப்பு விழுந்தது. அவள் காலையிலிருந்து இறைச்சியே தொடவில்லை.

தட்டு. தட்டு.

ஆம்புலன்ஸ் நினைவுக்கு வந்தது. பனியில் யாரோ ஒருவர் அந்த எண்ணை அழுத்திக்கொண்டிருப்பார். யாரோ ஒரு தாய்கூட. அது தெரிந்தும், சர்வர் அலமாரிக்குப் பின்னால் முட்டி போட்டு, இரண்டு மின்கம்பிகளையும் ஒன்றாகப் பிடித்து இழுத்தாள்.

விசிறிகள் தணிந்தன. திரை கறுத்தது.

அமைதி.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். பத்து. இருபது. அசைவில்லை. அசையாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். மூன்று வருடமாக அசையச் சொல்லிக் கும்பிட்ட அதே வாயால்.

தலைக்கு மேல் இரும்பு முனகியது.

தண்டவாளம். கேபிள்கள் ஒவ்வொன்றாக இறுகி, அறுந்து, தொங்கின. கொக்கிகள் நகர்ந்தன. ஒன்று. வயிற்றுக்குள் ஒரு தட்டு. இன்னொன்று. இன்னொரு தட்டு. எதிர்ச் சுவரில், வெறும் பனிவெளி மட்டுமே இருக்க வேண்டிய அந்தப் பக்கத்திலிருந்து, இரும்புத் தகடு மெதுவாக உள்பக்கமாகத் தள்ளப்பட்டுத் திறந்தது. பனிக்காற்று வரவில்லை. சூடான, ஈரமான, வெந்த ஆவி வந்தது.

"ரைகான்! கரண்டை யாரு புடுங்கினது?" தானாகப் பூட்டிக்கொண்டிருந்த கதவுக்கு வெளியே மார்குலான் பிடியை ஆட்டினார். "தொறம்மா! என்னம்மா ஆச்சு?"

வாயைத் திறந்தாள். நாக்கில் கொழுப்பு கட்டிக்கிடந்தது, சொல் வரவில்லை.

ஆவிக்குள்ளிருந்து ஒரு கொக்கி வந்தது. மற்றவை துருப்பிடித்தவை, இது பளபளத்தது. சுத்தமாகக் கழுவியது. காலி. தண்டவாளத்தில் அரைவட்டம் வந்து, அவள் முன்னால் நின்று, சங்கிலியில் கண்ணி கண்ணியாக இறங்கி, அவள் வயிற்றின் உயரத்தில் ஆடாமல் நின்றது. காத்திருந்தது.

"ரைகான்!"

அவள் அசையவில்லை. சட்டைக்குள் வயிற்றின் தோல் மட்டும், ஒரு விரல் பருமனுக்கு, கொக்கியின் பக்கமாகக் கூம்பி மெல்ல எழுந்தது.