மனமானியில் நூற்றுக்கு நூறு

மனமானித் தொப்பி மூன்றாவது முறையும் சிவந்தது. "தேறவில்லை" என்று அது சொன்னதும் கனிஷ்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கேள்வி ஒன்றும் பிரமாதமில்லை. திரையில் ஒரு நாற்சந்தி, சிக்னலில் மஞ்சள் விளக்கு, பின்னால் ஒரு லாரி. வண்டியை நிறுத்துவேன் என்றாள். மனதார நிறுத்தவும் செய்வாள். எல்.எல்.ஆர். கையேட்டின் முந்நூறு கேள்விகளும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

"இதுல என்ன சார் தப்பு? புத்தகத்துல அப்படித்தானே போட்டிருக்கு?"

ஆர்.டி.ஓ. அலுவலக ஆய்வாளர் நிமிரவே இல்லை. "புத்தகத்த யாரும்மா கேட்டா? மனசு ஒத்துப்போகலைன்னு மிஷின் சொல்லுது. மூணு தடவ போச்சு, உங்களுக்கு மூணு மணிக்குக் கடைசி வாய்ப்பு. வெளிய உக்காருங்க."

வெளியே தோழி பர்ஹானா காத்திருந்தாள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரும் வேலைக்கு, ஈரோட்டுப் பரிசோதனைக்கூடம் ஒன்று இருவரையும் தேர்ந்தெடுத்திருந்தது. இன்று மாலை ஐந்து மணிக்குள் பைக் உரிமத்தைக் காட்டாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

பர்ஹானாவின் பக்கத்தில் ஓட்டுநர் பள்ளி மோகனசுந்தரம் டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்த நிதானமே கனிஷ்காவுக்கு எரிச்சலை ஏற்றியது.

விடையை மனப்பாடம் செய்து தேறிவிட்டு, சாலையில் அதைக் காற்றில் பறக்கவிடுகிறவர்களை வடிகட்டத்தான் மனமானி வந்தது. வாய் சொல்வதை அது சட்டை செய்யாது. மனம் என்ன செய்யப்போகிறது என்பதைத்தான் அளக்கும். ஆனால் நல்ல மனம் எது என்று அதற்கு யாராவது காட்ட வேண்டுமே? பத்து வருடம் ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டியவர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் மனத்தை அளவுகோலாக வைத்தார்கள்.

"அங்கதாங்க வினையே" என்றார் மோகனசுந்தரம். "மஞ்சளுக்கு நிறுத்துனவன் எவன் பத்து வருசம் கீறலில்லாம இருந்தான்? பின்னால வர்ற லாரி நிக்காதுன்னு தெரிஞ்சவன்தான் தப்பிச்சான். நீங்க புத்தகத்த நம்பீட்டீங்க."

"அந்தப் புத்தகத்தக் குடுத்ததே நீங்கதானே?"

"அது சட்டங்க. புத்தகம் குடுக்காம பள்ளி நடத்தக்கூடாது."

கனிஷ்காவுக்கு அவர் டீயைத் தட்டிவிடலாம் போலிருந்தது. இரண்டு மாதம், கண் எரிய எரியப் படித்தது எல்லாம் வீண்.

மூன்று மணிக்கு முதலில் பர்ஹானாவைத்தான் கூப்பிட்டார்கள். "நான் ஒத்திகையில அறுபத்திரண்டு எடுத்துட்டேன். அறுபது வந்தாப் போதும். உனக்குத்தான் கடைசி வாய்ப்பு, நீ போடி" என்று அவள் கனிஷ்காவை உள்ளே தள்ளிவிட்டாள்.

தொப்பி தலையில் இறங்கியது. திரையில் பச்சை விளக்கு, காலியான சாலை. கனிஷ்காவுக்குள் கோபம் கொதித்தது. பச்சையாம் பச்சை. குறுக்கே எவனாவது கட்டாயம் வருவான். விளக்குப் போட்டவன் பொய், புத்தகம் எழுதினவன் பொய், டீ குடிக்கிறவன் பொய். இந்த ஊரில் அத்தனை பேரும் என்னைக் கொல்லத்தான் வண்டி எடுத்திருக்கிறார்கள்.

தொப்பி பச்சையானது.

ஆய்வாளர் முதல் முறையாக நிமிர்ந்தார். "நூத்துக்கு நூறும்மா. மாவட்டத்துலயே மொத ஆளு நீங்கதான். விதிப்படி, நூறு எடுக்கறவங்க மனசுதான் இனிமே அளவுகோல்."

கனிஷ்கா சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். அடுத்துப் போன பர்ஹானாவுக்குத் தொப்பி சிவந்தது. முப்பத்தொன்று.

"காலைல அறுபத்திரண்டு எடுத்தேனே சார்?"

"காலைல அளவுகோல் வேற. உங்களுக்கு இது மொத தடவதானே, நாலு மணிக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கு, பாருங்க."

பர்ஹானா வெளியே வந்து கனிஷ்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்படி என்னத்தடி நெனச்ச? எனக்கும் சொல்லிக்குடு."

"யாரையும் நம்பாத. லாரிக்காரன், ஆட்டோக்காரன், சிக்னலு, ஒருத்தரையும் நம்பாத."

"உன்னையுமா?"

என்னை மட்டும் நம்பு என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. ஆனால் ஓரிடத்தில் நம்பிக்கை ஒட்டியிருந்தாலும் தொப்பி மோப்பம் பிடித்துவிடும்.

"என்னையுந்தான்" என்றாள். "நீ தோக்கறதுக்கு நாந்தான் காரணம். அத நெனச்சுக்கோ."

பர்ஹானா கையை விட்டுவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தாள்.

நான்கு மணிக்குத் தொப்பி பச்சையானது. தொண்ணூற்றாறு. பர்ஹானா தாளை வாங்கிக்கொண்டு, கனிஷ்கா நின்ற பக்கம் திரும்பாமல் படியிறங்கிப் போனாள்.