முப்பத்தோராம் நாள் அழைப்பிதழ்

காலை 9.40. பிரான்ஸ், மார்க்ஸ் டோர்மோய்.

அருட்பிரகாசம் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வேலை முடிந்து வந்த சகோதரி மகள் துஷ்யந்தி கோப்பியை ஊற்றி வைத்துவிட்டு இரண்டு தரம் கூப்பிட்டாள். மூன்றாம் தரம் தோளைத் தொட்டாள். தோள் குளிர்ந்து போயிருந்தது.

கதவு பூட்டியபடி இருந்தது. திறப்பு அவளிடம் மட்டும்தான். சமையலறைக் குப்பை வாளியில் மூன்று மாத்திரை அட்டைகள் வெறுமையாகக் கிடந்தன. ஒரு மாதத்துக்கு முன் இறந்துபோன அவளுடைய தாய் மரியநாயகியின் இதய மாத்திரைகள் அவை. பொலிசுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

10.10. ரூ லூயி-பிளாங்.

சுபாங்கி பொலிசுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பவள். பத்தொன்பது வருட வேலை அவளுக்கு ஒரு கெட்ட பழக்கத்தைக் கொடுத்திருந்தது. கண்ணில் பட்ட எந்த எழுத்தையும் வாசிக்காமல் நகரமாட்டாள். ஒரு போன் கடைக்காரர் கதவில் அழைப்பிதழ் ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை முப்பத்தோராம் நாள் திருப்பலி. அமரர் மரியநாயகி, “காலஞ்சென்ற பத்திநாதரின் அன்பு மனைவியும், துஷ்யந்தியின் பாசமிகு தாயாரும், காலஞ்சென்ற அருட்பிரகாசம் (நகரபிதா, அமெரிக்கா), அந்தோணியம்மாள் (கனடா) ஆகியோரின் அன்புச் சகோதரியும்…”

அமெரிக்காவில் நம்மவர் ஒருவர் நகரபிதாவாக இருந்திருக்கிறாரே என்று நினைத்தபடி அவள் நடந்தாள். சற்று நேரத்தில் தொலைபேசி அடித்தது. கொமிசாரியாவிலிருந்து, பொலிஸ் அதிகாரி கப்பித்தேன் லெரு.

11.00. கொமிசாரியா.

இறந்தவர் யாரென்று லெரு சொன்னார். பதினெட்டாயிரம் பேர் வாழும் கார்வர்ஸ் ஃபோர்ட் என்ற அமெரிக்க ஆற்றங்கரை ஊரின் மேயர், சகோதரியின் திருப்பலிக்காக வந்திருந்தவர். பெற்றோல் நிலையத்தில் காசாளராகத் தொடங்கியவர். வெள்ளம் வந்த வருடம் பள்ளிக்கூட மண்டபத்தில் சனத்தோடு சனமாகப் படுத்து, படகில் சோறு கொண்டுபோனவர். அடுத்த தேர்தலில் நகரசபை. அதற்கடுத்ததில் அறுபத்தொரு வாக்கு வித்தியாசத்தில் மேயர். ஊரின் ஈயக் குழாய்களை எல்லாம் தோண்டி எடுத்து மாற்றினார். சனிக்கிழமைகளில் பேக்கரியில் ஒரு மேசை போட்டு, பனி அள்ளவில்லை என்று ஏசுபவர்களின் ஏச்சை வாங்கிக்கொண்டிருப்பார். மூன்று முறை வென்றவர், நான்காம் முறை நிற்க மாட்டேன் என்று போன மாதம் அறிவித்தாராம். ஏன் என்று அந்த ஊருக்கும் தெரியவில்லை.

துஷ்யந்தி கைகளை மடியில் வைத்து இருந்தாள். லெரு கேட்க, சுபாங்கி தமிழாக்கினாள்.

“நேற்று மத்தியானம் மாமாவோடை சத்தம் போட்டனீங்களாம். பக்கத்து வீட்டுக்காரி சொல்லுறா.”

“ஓம்.”

“எதுக்கு?”

“அம்மாவின்ரை பேரை இழுக்க வேண்டாம் எண்டு.”

“எதிலை இழுக்க?”

பதில் இல்லை. பத்துத் தரம் கேட்டும் இல்லை.

“பின்னேரம் எங்கை இருந்தனீங்கள்?”

“கோயில்லை, பாட்டுப் பயிற்சி. ஏழரைக்கு வந்தன். வயித்தைப் பிரட்டுது எண்டு சொல்லிப்போட்டு மாமா படுத்திட்டார். விடிய அஞ்சு மணிக்கு நான் கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனனான்.”

வெளியே வந்ததும் லெரு விசாரணைக் கோப்பை மூடினார். “ஆறு மணிக்கு இவளை அரச வழக்கறிஞர் அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். இப்படியே வாயை மூடிக்கொண்டிருந்தால் சிறைக்குத்தான் போவாள்.” குற்றவாளிகளின் மௌனத்தைச் சுபாங்கி நிறையப் பார்த்திருக்கிறாள். இது அந்த மௌனம் இல்லை. ஆனால் மொழிபெயர்ப்பவளிடம் அபிப்பிராயம் கேட்பார் யார்?

14.30.

றெமிஜியஸ் வந்தார். பத்திநாதரின் தம்பி, துஷ்யந்திக்குச் சித்தப்பா. நல்ல கோட்டு, நல்ல சப்பாத்து. புறநகர் ஒன்றில் நகரசபைத் தேர்தலுக்கு நிற்கிறார், பட்டியலில் மூன்றாவது பெயர். வென்றால் துணை மேயர் என்று பேச்சு. தேர்தல் மேடைக்கு வேண்டிய பிரெஞ்சு இருந்தது, விசாரணைக்குத் தமிழ்தான் வேண்டும் என்றார்.

“செத்தது எப்ப தெரியும்?”

“பிள்ளை போன் எடுத்தவள். பத்து மணி இருக்கும். அதுக்கு முதல் ஆருக்குத் தெரியும்?”

“நேற்று அவரைச் சந்திச்சனீங்களா?”

“ஓம். ஆறு மணிக்குப் போனன். நான்தான் தேத்தண்ணி போட்டுக் குடுத்தன். ஏழுக்கு வெளிக்கிட்டிட்டன். நல்லாத்தான் இருந்தவர்.”

“என்ன கதைச்சனீங்கள்?”

“ஞாயிற்றுக்கிழமைப் பூசையைப் பற்றி. எங்கடை ஆக்களின்ரை அறிவித்தல் எல்லாம் நான்தான் எழுதிறது, தங்கச்சி. முப்பது வருசமா ஒரு பிழை வந்ததில்லை. உயிரோடை இருக்கிறவரைச் செத்தவராயும் போட்டதில்லை, செத்தவரை மறந்ததுமில்லை.”

அதையும் சுபாங்கி பிரெஞ்சில் சொன்னாள். பாதியில் அவளுக்குப் போன் கடைக் கதவு நினைவுக்கு வந்தது.

15.05. நடைபாதை.

அழைப்பிதழின் அடியில் பெயர் போட்டிருந்த அச்சகக்காரர் ஞானரட்ணத்தை அழைத்தாள்.

“அண்ணை, மரியநாயகி அம்மாவின்ரை அழைப்பிதழ் உங்களுக்கு எத்தினை மணிக்கு வந்தது?”

“பொறு, பாக்கிறன். இண்டைக்கு விடிய ஆறு அம்பதுக்கு மெயில்லை வந்தது. றெமிஜியஸ் அண்ணை அனுப்பினவர். எட்டு மணிக்கெல்லாம் அடிச்சு ஒன்பதுக்குக் கடையளுக்குக் குடுத்திட்டன். ஏன், பிழை ஏதும் இருக்கோ?”

“பிழை இல்லை. நீங்கள் திருத்தினதும் இல்லையே?”

“அவர் எழுதினால் நான் ஒரு புள்ளி கூடத் தொடமாட்டன்.”

அவள் நேரே லெருவிடம் போனாள். “கப்பித்தேன், எனக்குப் பேச உரிமை இல்லை என்று தெரியும். ஆனாலும் கேளுங்கள்.” லெரு முகத்தைச் சுளித்தார். கேட்டு முடிந்தபின் எழுந்து கதவைத் திறந்தார். “அவரிடம் நீங்களே சொல்லுங்கள். பிறகு எனக்குச் சொல்லுங்கள்.”

15.30.

“அண்ணை,” என்றாள் சுபாங்கி றெமிஜியஸிடம், “எங்கடை அறிவித்தல்களிலை செத்துப்போன உறவுக்குப் பேருக்கு முன்னாலை ‘காலஞ்சென்ற’ எண்டு போடுவம். இண்டைக்கு ஒட்டினதிலை அருட்பிரகாசத்தாருக்கு அப்பிடித்தான் போட்டிருக்கு. வாசிச்ச ஒருத்தருக்கும் வித்தியாசமாத் தெரியேல்லை. ஏனெண்டால் மனிசன் உண்மையாவே செத்துப்போனார். ஆனால் பிரேதத்தை இந்தப் பிள்ளை கண்டது ஒன்பது நாப்பதுக்கு. நீங்கள் எழுதி அனுப்பினது ஆறு அம்பதுக்கு.”

றெமிஜியஸ் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

“தேத்தண்ணிக்குள்ளை மாத்திரையைப் போட்ட உங்களுக்கு, அவர் விடியக் கண் முழிக்கமாட்டார் எண்டு நிச்சயம். செத்தவரை உயிரோடை இருக்கிறவராய் எழுத உங்கடை கை விடேல்லை. கொன்றது நீங்கள்தான்.”

வெளியே ரயில் போனது. பிறகு அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசத் தொடங்கினார்.

“தொண்ணூற்றொண்டிலை தலை மாத்தின பாஸ்போட்டிலைதான் அவர் அமெரிக்கா போனவர். வேறை ஆளின்ரை பாஸ்போட், அவரின்ரை படம். ஒட்டிக் குடுத்தது நான். இப்ப வயசு போனாப்போலை அவருக்கு ஞானம் வந்திட்டுது. பதவியை விட்டிட்டு எல்லாத்தையும் சொல்லப்போறாராம். இஞ்சை, ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிய, என்ரை பேரோடை. அவருக்கு மேயர் வேலை மூண்டு தரம் கிடைச்சது. எனக்கு ஒருக்கால் கூடக் கிடைக்கக் கூடாதோ? பிள்ளையைப் பிடிப்பினம் எண்டு நான் நினைக்கேல்லை.” நிமிர்ந்தார். “அண்ணிக்கும் நான்தான் செய்து குடுத்தனான். மரியநாயகி எண்ட பேரிலை அவ பிரான்சிலை குடுத்த அகதிக் கேஸ் முழுக்கப் பொய். அதையும் எழுதச் சொல்லுங்கோ.”

தாயின் அந்தப் பொய்யை மறைக்கத்தான் துஷ்யந்தி வாயை மூடியிருந்தாள் என்பது சுபாங்கிக்கு அப்போதுதான் விளங்கியது. லெரு பேனாவோடு காத்திருந்தார். கடைசி மூன்று வசனங்களை விழுங்கிவிட்டால் லெருவுக்குத் தெரியப்போவதில்லை. ஒரு வார்த்தை விடாமல் எல்லாவற்றையும் பிரெஞ்சில் சொன்னாள்.

17.20. துஷ்யந்தியை விட்டுவிட்டார்கள். வாசலில் கோட்டுப் பொத்தானைப் போட்டபடி அவள் கேட்டாள்.

“அம்மாவைப் பற்றியும் சொன்னவரோ?”

“ஓம்.”

“நீங்கள் அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாமே, அக்கா.”

துஷ்யந்தி தெருவைக் கடந்து மெத்ரோவுக்குள் இறங்கிவிட்டாள்.