அம்மாவோடு போன முயல் காது

க்யூஆர் கோடு என்கிற கறுப்புக் கட்டம் ஒன்று கண்ணில் பட்டால் போதும், கைரூவுக்குக் கை சும்மா இருக்காது. தைபேயில் அவள் தெரு நூடுல்ஸ் கடையில் மேஜைக்கு மேஜை அப்படியொரு கட்டம் உண்டு. அதை போனில் படம் பிடித்துச் சாப்பாடு சொல்வது எப்போதும் அவள் வேலைதான்.

அன்று வீட்டு ஃப்ரிட்ஜ் கதவிலும் ஒரு கட்டம்!

‘புதுக் கடை போல!’ என்று படம் பிடித்தாள். போன் என்னவோ கேட்டது. படித்துப் பார்த்தாளா? அதுதான் இல்லை. ‘சரி’யை அழுத்தினாள். மெனு வரவில்லை. அதோடு மறந்தும் போனாள்.

மறுநாள் காலை அம்மா பெட்டியோடு நின்றாள். ஓசாகாவில் சித்திக்குக் குழந்தை பிறந்திருந்தது. இரண்டு வாரம் அம்மா அங்கேதான். “தினமும் சாயங்காலம் பேசுவேன்” என்று அம்மா சொன்னதால்தான் கைரூ அழாமல் இருந்தாள்.

கிளம்பும் முன், ஃப்ரிட்ஜில் தான் ஒட்டி வைத்திருந்த கட்டத்தை அம்மா தன் போனில் படம் பிடித்தாள். “ஐயோ! ஜப்பான் சிம் போன்ல இறங்க மாட்டேங்குதே. ஏற்கெனவே இறக்கியாச்சுன்னு சொல்லுது!”

“பழைய மாதிரி கார்டா இருந்தா கட்டிலுக்கு அடியில தேடலாம். காத்துல வர்ற சிம்மை எங்கே தேடறது?” என்றார் அப்பா.

கைரூ ஃப்ரிட்ஜ் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“அம்மா... அது என் போன்ல இருக்கு. மெனுன்னு நெனச்சேன்.”

“அடிப்பாவி! சிம்மை நூடுல்ஸ்னு நெனச்சு முழுங்கிட்டியா?” என்று அப்பா சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. “ஒரு தடவைதான் இறங்குமாம். வேற சிம் நாளைக்குத்தான் வரும். பாஷை தெரியாத ஊர்ல ஆஸ்பத்திரிக்கு எப்படி வழி கண்டுபிடிப்பேன்?”

கைரூ தன் போனைப் பார்த்தாள். முயல் காது வைத்த உறை. உள்ளே, போன் விளையாட்டு ஒன்றின் தொட்டியில், அவள் ஆசையாய் வளர்க்கும் மீன். மனசு வரத்தான் இல்லை. ஆனாலும் நீட்டினாள்.

“இதையே எடுத்துட்டுப் போம்மா.”

“ரெண்டு வாரம் போன் இல்லாம இருந்துடுவியா?”

“இருந்துடுவேன். என் மீனுக்கு மட்டும் மறக்காம தீனி போடு.”

அம்மா அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் நூடுல்ஸ் கடையில் அப்பா தன் போனைக் கொடுத்தார். “முதல்ல படிச்சுப் பாரு, தாயே!”

கைரூ மெனுவை எழுத்தெழுத்தாகப் படித்து முடித்தாள். அப்போது போன் அடித்தது. திரையில் ‘கைரூ’ என்று பெயர் வந்தது.

“அப்பா, என்னை நானே கூப்பிடறேன்!”

வீடியோவில் அம்மாதான். மடியில் குட்டிப் பாப்பா.

“வழி தப்பாம வந்துட்டேன்டி கண்ணு. முயல் காதைப் பார்த்து ரயில்ல எல்லாரும் ஒரே சிரிப்பு!”

“என் மீன்?”

“அதுக்குத் தீனி போட்டுட்டுத்தான் பாப்பாவையே தூக்கினேன்.”

அன்று கைரூ கிண்ணத்தில் ஒரு நூடுல்ஸ்கூட மிச்சம் வைக்கவில்லை.