வெறுந்தடத்தில் மிக்கேல்

தூத்துக்குடியில் ஓர் அழைப்பு பாதியில் அறுந்து முப்பத்தோரு வருடம் ஆகிவிட்டது. அறுவதே இல்லை என்று அர்த்தமில்லை. அறுந்தால் யாருக்கும் தெரியாது. காற்றில் ஒரு சொல் தொலைந்தால், ஒவ்வொரு பேசியிலும் இருக்கும் நிரப்பி என்ற மென்பொருள் அந்தச் சொல்லை ஊகித்து, பேசுபவரின் குரலிலேயே போட்டுவிடும். முதலில் அரை விநாடி இடைவெளிகளை அடைக்கத்தான் அதைச் செய்தார்கள். அது எவ்வளவு நீளத்தை அடைக்கும் என்று பிறகு யாரும் கேட்கவில்லை.

ஜெசிந்தா தொழில்நுட்பக் காட்சியகத்தில் பழைய கருவிகளைச் செப்பனிடுபவள். அந்த வாரம் அவளிடம் வந்தது எண்பது வயதான மேசைக்கணினி ஒன்று. கண்காட்சிக்கு வருகிறவர்கள் அதிலிருந்து கம்பியில்லாமல் யாரையாவது அழைத்துப் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. கணினியோ மூன்று நாளாக 'வலை எதுவும் இல்லை' என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

"மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொல்ற மெஷினை இப்பத்தான் பாக்கேன்" என்று சிரித்தார் காப்பாளர் சிராஜுதீன்.

ஜெசிந்தா கணினியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். ஆன்டெனா தளர்ந்திருந்தது. முறுக்கினாள், பயனில்லை. வைஃபை அட்டையை இயக்கும் மென்பொருளைத் தேடிப் பிடித்து மறுபடி நிறுவினாள். வலைகளின் பெயர்கள் திரையில் வரிசையாக வந்தன, ஆனால் ஒன்றிலும் இணைய முடியவில்லை. உள்ளே இருந்த பொத்தான் பேட்டரி செத்துப்போய், கணினி தான் பிறந்த வருடத்திலேயே நின்றிருந்தது. இன்றைய வலையின் சான்றிதழ் அதற்கு எதிர்காலத்திலிருந்து வந்த போலி மாதிரிப் பட்டிருக்கிறது. பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தாள். அப்போதும் வலையின் பூட்டு திறக்கவில்லை. அந்தப் பூட்டு கணினிக்குப் பிறகு பல வருடம் கழித்து வந்தது.

கடைசியில் கிடங்கிலிருந்து ஒரு பழைய ரூட்டரைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். கணினியோடு அது பழைய பாஷையில் பேசும். மறுபக்கத்தை வெறுந்தடத்தில் இணைத்தாள். சோதனைக்காக ஒவ்வொரு வலையும் நிரப்பி இல்லாத ஒரு தடத்தை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் அதைத் திறந்து பார்ப்பவர்கள் யாரும் இல்லை.

நான்காம் நாள் காலை பத்து மணிக்குக் கணினி இணைந்தது. ஜெசிந்தா கைதட்டிவிட்டாள். அடுத்த அறையிலிருந்த சிராஜுதீனை அழைத்தாள். அவர் குரல் துண்டு துண்டாக வந்தது. அதுவே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்து தம்பி மிக்கேலை அழைத்தாள்.

மிக்கேல் கரையிலிருந்து நாற்பது கடல்மைல் தள்ளி, அலையில் மின்சாரம் எடுக்கும் மிதவை நிலையத்தில் தனியாகக் காவல் இருப்பவன். அன்று காலைகூட அவனிடம் பேசியிருந்தாள். "சாப்பிட்டியாலே?" "ஆச்சுக்கா. நீ வேலையைப் பாரு, அப்புறம் பேசுவோம்." எப்போதும்போல இரண்டு நிமிடம்தான்.

'பதில் இல்லை' என்றது கணினி.

கோளாறு தன் இணைப்பில்தான் என்று நினைத்தாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதித்தாள். சிராஜுதீனுக்குப் போனது. கொழும்பிலிருக்கும் சித்தி மகளுக்குப் போனது. மிக்கேலுக்கு மட்டும் போகவில்லை. நான்கு சமிக்ஞைகளை அனுப்பி, எத்தனைக்குப் பதில் வருகிறது என்று எண்ணும் பழைய கட்டளை ஒன்று அந்தக் கணினியில் இருந்தது. அதை அடித்தாள். அனுப்பியது நான்கு. வந்தது பூஜ்யம்.

காதிலிருந்த செவிப்பேசியில் அவனை அழைத்தாள். உடனே எடுத்தான். "என்னக்கா, இன்னைக்கு ரெண்டாவது தடவை?"

திரையில் மறுபடி நான்கு, மறுபடி பூஜ்யம். காதில் தம்பி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் சிரித்து முடிக்குமுன் அழைப்பைத் துண்டித்தாள்.

கடல் மீட்பு மையத்தை அழைத்தாள். பொறுப்பிலிருந்த இசக்கியப்பன் பொறுமையாகக் கேட்டார். "காலையிலகூட நிலைய அறிக்கை வந்திருக்கேம்மா. எல்லாம் சரியா இருக்குன்னு."

"அதை அனுப்புனது அவனா, இல்ல நிரப்பியா சார்?"

"அதை எப்படிம்மா பாக்கிறது?"

வெறுந்தடத்தைத் திறப்பது எப்படி, கட்டளை அடிப்பது எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பத்து நிமிடம் கழித்து அவர் குரல் மாறியிருந்தது. "நாலு அனுப்புனேம்மா, ஒண்ணும் திரும்பல" என்றார். "படகு கிளம்புது."

பிற்பகலில் படகு மிதவையை அடைந்தது. ஒன்பது நாளுக்கு முன் அடித்த சூறைக்காற்றில் ஆன்டெனா கம்பம் ஒடிந்து மிக்கேலின் கால்மேல் விழுந்து எலும்பை முறித்திருந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் எந்திரமும் நின்றுபோயிருந்தது. உதடு வெடித்து, கண் உள்ளே போய், ஆனால் நினைவோடு கிடந்தான். தூக்க வந்தவர்களிடம் அவன் முதலில் கிண்டலாகக் கேட்டது: "ஒம்பது நாளா கிளம்பிட்டோம் கிளம்பிட்டோம்னு சொன்னீங்களே, எந்த வழியா வந்தீங்க?"

அவன் கூப்பிட்ட எந்தக் கூப்பாடும் மிதவையைத் தாண்டவில்லை. அவனுடைய செவிப்பேசியே மீட்பு மையத்தின் குரலில் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாளே கடற்கரை முழுவதும் மீட்பு மையங்கள் வெறுந்தடத்தைத் திறந்தன. பதிலில்லாத மிதவைகள் இன்னும் இரண்டு தெரியவந்தன. அங்கிருந்தவர்களையும் உயிரோடு கொண்டுவந்தார்கள்.

ஜெசிந்தா மருத்துவமனைக்குப் போனபோது மிக்கேல் மாவுக்கட்டோடு உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.

"நல்லவேளை நீ சொன்னேக்கா" என்றான். "அஞ்சாம் நாள் தாகத்துல கிறுக்குப் பிடிச்சு, இந்தக் காலோட நீந்தியே வந்துரலாம்னு கிளம்பிட்டேன். போகாதலேன்னு சொல்லி நாள் முழுக்கப் பேசுன. தார்ப்பாயை விரிச்சுப் பனித்தண்ணியைப் பிடிக்கச் சொன்னதும் நீதான்."

அவள் தலைகுனிந்தாள். மறைக்க மனம் வரவில்லை. "மிக்கேலு, அது நான் இல்லலே."

"தெரியும்" என்றான்.

"தெரியுமா?"

"அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. நீ என்கிட்ட நாள் முழுக்கப் பேசுவியா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "பின்ன எதுக்குலே கேட்டுக்கிட்டே இருந்த?"

மிக்கேல் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "படகு வருதுன்னதும் அதுதான், போகாதன்னதும் அதுதான். ஒண்ணு பொய்னு புரிஞ்சப்போ இன்னொண்ணையும் தள்ளியிருக்கணும். முடியல. நம்ம அக்காவுக்கு மட்டும் நேரம் இருந்தா இப்படித்தான் பேசியிருப்பான்னு தோணிச்சு. உன் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தானே அது கத்துக்கிட்டுது? வேற எங்கயிருந்து எடுத்திருக்கும்?"

ஜெசிந்தா ஸ்டூலை இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தாள். அவனிடம் என்னவெல்லாமோ பேச வேண்டும் என்று வந்திருந்தாள். செவிப்பேசியைக் கழற்றிப் பையில் போட்டாள்.

"அன்னைக்கு நாள் முழுக்க நான் என்ன பேசினேன்?" என்று கேட்டாள். "ஒண்ணு விடாம சொல்லு."

அவன் சொல்லத் தொடங்கினான்.