பன்னிரண்டாவது வரி

பதினொரு வரிகளைத்தான் அவள் மென்பொருளுக்குக் கொடுத்திருந்தாள். மொழிபெயர்ப்பில் பன்னிரண்டு வந்தது.

பிற்பகல் மூன்று மணி. மின்விசிறியின் முனகலும் மேல்மாடியில் யாரோ நாற்காலி இழுக்கும் சத்தமும் தவிர வீடு அடங்கிக் கிடக்க, ஆவணக் காப்பகம் அனுப்பிய புகைப்படத்தில், பழுப்பேறிய தோல் ஏட்டின்மேல், இடைக்கால லத்தீன் எழுத்துகள் எறும்புச் சாரைபோல நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. கிணற்றில் விழுந்து இறந்த ஒருத்தியைப் பற்றிய விசாரணை. சாட்சி, அவள் வீட்டுப் பணிப்பெண். மென்பொருள் மொழிபெயர்க்கும், இவள் பிழை திருத்துவாள். அம்மா இறந்த மறுவாரமே வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

பன்னிரண்டாவது வரி இப்படி இருந்தது: "அவள் மூன்று முறை கூப்பிட்டாள். என் காதுகள் அடைபட்டிருந்தன."

மூலத்தைக் காட்டும்படி சொடுக்கினாள். மஞ்சள் கட்டம் எழுத்தே இல்லாத வெறும் தோலில் போய் நின்றது.

அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள்.

"முதல் முறை எனக்குக் கேட்டது. பாட்டின் சத்தத்தைக் கூட்டினேன்."

அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. குளியலறையில் அம்மா இடுப்பு முறிந்து கிடந்த அந்த அரை மணி நேரம். ஹெட்போன். "இதோ வரேன்" என்றுகூடச் சொல்லாதது.

கைபேசி அடித்தது. அண்ணன்.

"என்ன லத்தீன் பண்டிதரே, சாப்ட்டியா?"

"ம்."

"ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. ஒண்ணே ஒண்ணு மறுபடியும் கேக்கறேன், கோச்சுக்காத. அன்னைக்கு அம்மா கூப்பிடவே இல்லையா?"

சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லண்ணா. கூப்பிட்டிருந்தா ஓடியிருக்க மாட்டேனா?"

"அதானே. நீயாவது பக்கத்துல இருந்தியேன்னுதான் மனசத் தேத்திக்கிறேன்."

வைத்துவிட்டான். திரையில் புதிதாக ஒரு வரி. அவள் எதையும் தொடவில்லை.

"சாட்சி இரண்டாம் முறையும் பொய் சொன்னாள்."

கணினியை அணைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். திரை அணையவில்லை.

"இறந்தவள் அழைக்கப்படுகிறாள்."

சோப்பு வாசனை. அம்மாவின் சோப்பு.

"அவளால் நிற்க முடியவில்லை."

"தவழ்ந்து வருகிறாள்."

கூடத்துத் தரையில் ஈரக் கை அறைந்தது. பிறகு எதையோ இழுக்கும் சத்தம். மறுபடி கை. இழுப்பு. அவசரமே இல்லை.

அறை வாசலில் நின்றது.

கதவின் அடியில் தெரிந்த வெளிச்சக் கோடு மறைந்தது. நான்கு விரல்கள் உள்ளே வந்தன. நீரில் ஊறி வெளுத்த விரல்கள். தரையைத் தடவித் தடவி, அவள் பாதத்தைத் தேடின.