வலையில் மாட்டிய விருந்தாளி

ஃப்ளோரன்ஸ் வேடந்தாங்கலுக்குப் பள்ளிச் சுற்றுலா போய் வந்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஏரி மரமெல்லாம் பறவை என்று அவள் சொல்லிச் சொல்லி, தம்பி ஸ்டானிஸ்லாஸுக்கு எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது.

"நம்ம ராயபுரத்துக்கு வர்ற கடல்காக்காகூட மலையெல்லாம் தாண்டி, ரஷ்யா பக்கத்துலேர்ந்து வருதாம். சுகிர்தம் டீச்சர் சொன்னாங்க" என்று அவள் ஆரம்பித்தாலே அவன் காதைப் பொத்திக்கொள்வான். சுற்றுலாவுக்கு முன்னால் அவளும் கடல்காக்காவைக் கல்லால் விரட்டியவள்தான்.

ஒரு நாள் காலை, கடற்கரையில் அப்பா தாமஸ் உலர்த்தியிருந்த வலையில் ஒரு கடல்காக்கா மாட்டிக்கொண்டது. அது சிறகை அடிக்க அடிக்க நூல் இன்னும் இறுகியது. சுற்றிலும் பிள்ளைகள் கூட்டம், ஒரே கூச்சல்.

"நைனா, இன்னிக்குக் கறி!" ஸ்டானிஸ்லாஸுக்கு வாயெல்லாம் பல்.

"பாவம் நைனா, அவுத்து வுட்டுடலாம்" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"கிட்டப் போனா கொத்துது. வலையை அறுத்துட்டு நாளைக்கு எத்தை எடுத்துகினு கடலுக்குப் போறது? கழுத்தைத் திருகிட வேண்டியதுதான்" என்றார் அப்பா.

ஃப்ளோரன்ஸ் வலைக்கும் அப்பாவுக்கும் நடுவில் போய் நின்றாள். எவ்வளவு தூரம் பறந்து வந்ததோ, நம்ம வலையிலா சாக வேண்டும்?

"கொஞ்சம் இரு நைனா! வேடந்தாங்கல்ல தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்க மாட்டாங்க, பறவை பயந்துடும்னு. இதுவும் நம்ம கூச்சல்லதான் பயந்துகினு கீது!"

பிள்ளைகளைத் தள்ளிப்போகச் சொன்னாள். "யாரும் வாயைத் திறக்கக் கூடாது!" அப்பாவின் தோளில் கிடந்த துண்டை உருவிப் பறவையின் தலையை மூடினாள். சத்தமும் வெளிச்சமும் இல்லாமல் போனதும் அது மெல்ல அடங்கியது.

நூல்களைப் பொறுமையாக விலக்கினாள். காலில் இருந்த முடிச்சு மட்டும் அசையவே இல்லை. இத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்த அப்பா பக்கத்தில் வந்து குந்தினார். வலை பின்னுகிற விரல்கள் ஆயிற்றே, முடிச்சு அவிழ்ந்துவிட்டது. வலையில் ஒரு கண்ணிகூட அறுபடவில்லை.

துண்டை எடுத்ததும் பறவை திகைத்து நின்றது. பிறகு ஜிவ்வென்று கடலுக்கு மேலே கிளம்பிவிட்டது.

"அக்கா, அது ரஷ்யாவுக்குப் போயி நம்மளப் பத்திச் சொல்லுமா?" என்று கேட்டான் ஸ்டானிஸ்லாஸ்.

"சொல்லாம இன்னா? நைனா முடிச்சை அவுத்ததைச் சொல்லும். நீ கறி கேட்டதையும் சொல்லும்."

அவன் முகம் சுருங்கிவிட்டது. அலையோரம் வரை ஓடி, இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக் கத்தினான்:

"ஏய், நான் சும்மா தமாசுக்குச் சொன்னேன்பா! அடுத்த வருசமும் வா, மீன் தர்றேன்!"